யோகராஜா வாங்கிய இரண்டு பெட்டிகள்

யோகராஜாவை எஸ்டேட் நிர்வாகம் கொன்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் விழுந்தபோது ஏற்றிப்போக வேண்டிய ஆம்புலன்ஸ் வேன், வெள்ளை நிறம் போய்ப் பச்சை நிறம் பூசப்பட்டு, பங்களா விருந்தினர்களை இறக்கிவிட்டுப் பைக்காரா படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தது. மருத்துவமனைக் காகிதத்தில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அது நோயின் பெயர்.

குன்னூரில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ராபர்ட் வந்து சொன்னான். எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். அவன் ஸ்வெட்டரெல்லாம் தேயிலைக் கொழுந்து ஒட்டியிருந்தது.

"யோகண்ணன் போயிட்டாருடா. கொழுந்து லாரியிலதான் கொண்டு வந்தோம். மூட்டை மேல படுக்க வெச்சு. பாதி வழியிலயே பேச்சு நின்னுருச்சு."

"வேன் எங்கடா?"

"கெஸ்ட்டுக போட்டிங் போயிருக்காங்களாம். சாயங்காலந்தான் வருமாம்."

மேடையின் பின்பக்கம், டிரம்ஸுக்கு அருகில், யாரையும் பார்க்காமல் நின்று பேஸ் கிட்டார் வாசித்த மனிதராகத்தான் உங்களில் பலர் அவரை அறிந்திருப்பீர்கள். சிறுவனாக இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். பகலில் தேயிலைத் தொழிற்சாலையின் இலை உலர்த்தும் டிரையர் அறையில் வேலை. முன்கோபி. எவரையும் பாராட்டிப் பேசமாட்டார். என் கீபோர்டுக்கு அவர் வைத்த பெயர் பிளாஸ்டிக் வயலின். நான் ஸ்வரம் தவறினால் நிகழ்ச்சி நடக்கும்போதே திரும்பி, "என்னா தம்பி, கரண்டு போயிருச்சா?" என்று கேட்பார். அவரோடு ஆறு ஆண்டுகள் வாசித்தேன். பாதி நாள் சண்டை.

தேயிலை விலை விழுந்த வருடங்கள் அவை. தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. டிஸ்பென்சரி பூட்டப்பட்டது, கம்பவுண்டர் சமவெளிக்குப் போய்விட்டார். பங்களா மட்டும் விருந்தினர் விடுதியாகிச் சுண்ணாம்பு கண்டது. லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் இசைக்குழுக்காரர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது மாரியம்மன் திருவிழாவாலும் கிறிஸ்துமஸாலும் கல்யாண வரவேற்புகளாலும்தான். சோலூரில் ஒரு கல்யாணத்தில் எங்கள் பேஸ் சத்தத்தைக் கேட்டு மாப்பிள்ளையின் மாமா, "ஏனுங்க, பெட்டிக்குள்ள வண்டு கிண்டு பூந்துக்குச்சுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ராபர்ட் அந்தப் பெட்டியைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்திருந்தான். மெல்லிய பலகை. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரிக்காமலேயே ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டான். யோகராஜா தடித்த கம்பியைத் தொடும்போதெல்லாம் பெட்டி முழுக்க அதிர்ந்து கரகரத்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு சோலூர்ப் பக்கம் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

"டீப்பெட்டியில டீயத்தான் போடலாம். ஒழுங்கா வாங்கிருவோம்," என்றார் யோகராஜா. எல்லோரும் போட்டுச் சேர்த்த பணத்தோடு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் காட்டியது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் பெரிய மாதிரி. பளபளப்பாக இருந்தது. எனக்கும் ராபர்ட்டுக்கும் அதுவே பிடித்தது. யோகராஜா குனிந்து, அதன் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் பிடித்து ஒரு தடவை தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"இதத் தூக்குறது யாரு?"

"வண்டியில போகுமுங்க," என்றார் கடைக்காரர்.

"எங்க லயத்து வாசல் வரைக்கும் வண்டி வராது. ரோட்டுலருந்து படி. மழையில வழுக்கும். ஒரு பெட்டியை ரெண்டு பேர் தூக்கிக்கிட்டு, காலை வெக்கிற இடம் தெரியணும். தனித்தனியா காட்டுங்க. ஆம்பு தனி, பெட்டி தனி."

அதற்குப் பிறகு அரை நாள் அந்தக் கடையில் கழிந்தது. ஒவ்வொரு பெட்டியின் முதுகையும் திருப்பி அதன் மின்தடை எத்தனை ஓம் என்று படித்தார். எட்டு ஓம் பெட்டிகளை மட்டும் ஒருபுறம் ஒதுக்கச் சொன்னார். நாலு ஓம் வரை தாங்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேர்ந்தார். எட்டு ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்து மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் சுமை நாலாகும், அப்போது அதன் முழு வலுவும் வெளியே வரும், சின்ன இடமென்றால் ஒரு பெட்டி போதும் என்று அவரே எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது குரலில் அன்பு ஒன்றும் இல்லை. "அப்புறம் வந்து மாட்டிட்டுக் கெடுக்காதீங்க," என்றுதான் முடித்தார்.

பிறகு கிட்டாரை என் கழுத்தில் மாட்டிவிட்டு, தடித்த கம்பியை மட்டும் ஒரே சீராக மீட்டச் சொல்லிக் கடையை விட்டு வெளியேறினார். தெருவைத் தாண்டி, எதிரே இரும்புக் கடை வாசலில் குந்தி உட்கார்ந்தார். பேஸ் சத்தம் பக்கத்தில் நின்றால் ஏமாற்றும் என்பார். அங்கிருந்து கையசைப்பார், நான் பெட்டியை மாற்றி மாட்டி மறுபடி மீட்டுவேன். கடைக்காரர் பொறுமையிழந்தார்.

"ஏனுங்க தம்பி, உங்க அண்ணன் எடுக்கறாருங்களா, இல்ல அந்தப் பக்கம் ஆணி வாங்கப் போனாருங்களா?"

கடைசியில் இரண்டு பெட்டிகள் முடிவாயின. பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள பெட்டி கீழே. பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பெட்டி அதன் மேலே, காது மட்டத்தில். கீழ்ப்பெட்டி மண்ணை அதிரவைக்கும், மேல்பெட்டி எந்த ஸ்வரம் என்பதைத் தெளிவாகச் சொல்லும். இதுவரை எங்களுக்கும் சம்மதம். ஆனால் மேல்பெட்டியில், உச்சமான ஒலிகளைத் தரும் சிறிய ஹார்ன் வைத்த வகையே வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார். விலை கூடுதல், கனமும் கூடுதல். கோயில் கச்சேரிக்கு வாசிக்கும் பேஸுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் எதற்கு என்று நான் கேட்டேன். ராபர்ட்டும் என் பக்கம்.

"இதுல பாட்டு மட்டுமா வரும்? ஒரு நாளைக்குப் பேசவும் வேண்டி வரும். ஹார்ன் இல்லாட்டி பேச்சு குடத்துக்குள்ள பேசுன மாதிரி கேக்கும்."

"யாருண்ணே பேசப் போறது?"

"வாய் இருக்கிறவன்."

ஊட்டி பஸ்ஸில் வரும்போது அவரிடம் நான் பேசவில்லை. எங்கள் பணத்தில் அவர் மேடைப் பேச்சாளராகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் ஆம்புலன்ஸ் வேனுக்குப் பச்சை அடித்தார்கள். உள்ளேயிருந்த ஸ்ட்ரெச்சரைக் கழற்றி டிஸ்பென்சரி சுவரில் சாய்த்துவிட்டு, மெத்தை வைத்த இருக்கைகளைப் போட்டார்கள். விலை ஏறினால் எல்லாம் பழையபடி வரும் என்று பிரட்டில், அதாவது காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில், சொல்லப்பட்டது. அந்த மழைக்காலத்தில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்திக்கு லயத்திலேயே பிரசவம் ஆனது. குழந்தை தங்கவில்லை. மறுநாள் யோகராஜா தொழிற்சங்கத் தலைவர் பழனிச்சாமியின் வீட்டுக்குப் போய், கேட் முன்னால் கூட்டம் போட வேண்டும் என்றார்.

எஸ்டேட்டில் இருந்த ஒரே மைக்செட் நிர்வாகத்தினுடையது. கொடுக்க மறுத்தார்கள். அன்றுதான் அந்த ஹார்ன் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. இரண்டு பெட்டிகளையும் படி இறக்கி, தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடை வாசலில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தோம். டீக்கடைக்காரர் பிளக் கொடுத்தார். எங்கள் சிறிய மிக்ஸர் வழியே மைக்கை மாட்டினோம். கூட்டத்தில் யாரோ, "கொழுந்து விலை இறங்கிருச்சு, உன்ற டீ மட்டும் இறங்க மாட்டேங்குதே," என்று கடைக்காரரைச் சீண்டினார்கள். "கரண்டு குடுத்தவனையே கடிக்கிறீங்களே," என்றார் அவர். கேட்டுக்கு உள்ளே காவலாளிகள் வரிசையாக நின்றார்கள். கேட் ஓரமாகப் போலீஸ் ஜீப் ஒன்றும் நின்றது. சிரித்தவர்கள் அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது பழனிச்சாமி, கோயிலிலிருந்து மூன்றாவதாக ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு வந்தார்.

"இதையும் மாட்டுப்பா. உள்ள ஆபீஸ் வரைக்கும் கேக்கோணும்."

"மாட்டக் கூடாதுண்ணே," என்றார் யோகராஜா. "ரெண்டு பெட்டிக்கே நாலு ஓம். ஆம்பு அவ்வளவுதான் தாங்கும். மூணாவது போட்டா அதுக்கும் கீழ போயிரும். சூடாகி நின்னுரும்."

"பெட்டி கூடுனா சத்தம் கூடுமா, கொறையுமா?"

"மொதல்ல கூடும். அப்புறம் ஒண்ணுமே இருக்காது."

"உன்ற பாட்டுக் கச்சேரிக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம் போ."

யோகராஜா அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கிக் கீழே போட்டார். இரண்டு பேருக்கும் கைகலப்பு வந்துவிடும் என்று பயந்தேன். அதற்குள் கேட் திறந்தது. மானேஜர் வெளியே வந்தார். யோகராஜா மைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். நாங்களும் பின்னால் போனோம். பெட்டிகளுக்கு அருகே யாரும் இல்லை.

"பிள்ளைத்தாய்ச்சிய ஏத்த வேண்டிய வேன்ல யாரை ஏத்திக்கிட்டுத் திரியுறீங்க?" என்று ஆரம்பித்தார். குரல் தெளிவாகப் போய் எதிர்ச்சரிவில் மோதித் திரும்பியது. பாதிப் பேச்சில் சத்தம் திடீரென்று கூடியது. கூட்டம் கைதட்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். மூன்று பெட்டிகள் நின்றன. பழனிச்சாமி வயரை விட்டு நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

யோகராஜாவுக்கும் தெரிந்துவிட்டது. வேகமாக முடித்தார். "வேன் என்னைக்கு லயத்துக்கு வரும்? தேதி சொல்லுங்க." மைக்கை மானேஜரிடம் நீட்டினார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் அதை வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கினார், வாயருகே கொண்டுபோனார். "அதாவது..." என்றார். ஆம்ப்ளிஃபயர் நின்றது.

மானேஜர் மைக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். "மைக் வேலை செய்யலையேப்பா. இன்னொரு நாள் பேசலாம்," என்று சொல்லி உள்ளே போய்விட்டார். கேட் மூடியது.

பழனிச்சாமியை யோகராஜா அன்று திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கூட்டம் கலைந்தபின் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் கையை வைத்தபடி நின்றார். சுட்டது. கையை எடுக்கவில்லை.

"விடுங்கண்ணே," என்றேன். "அந்தாளு எப்படியும் பதில் சொல்லியிருக்கப் போறதில்ல."

"சொல்லாம நின்னிருந்தா, அதையும் சனங்க கேட்டிருக்கும்ல?"

ஆம்ப்ளிஃபயர் ஆறியதும் தானாகவே ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த மாதிரி ஒரு கூட்டத்தை மறுபடி கூட்ட முடியவில்லை. முன்னால் நின்ற பலருக்கு வேலை நாட்களைக் குறைத்தார்கள். யோகராஜாவை டிரையர் அறையிலிருந்து எடுத்துச் சரிவில் உரமூட்டை சுமக்கப் போட்டார்கள். நாற்பத்தைந்து வயதில். "வேலையில்லாம சும்மா வெக்கலையே, சந்தோசப்படு," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சரிவில்தான் விழுந்தார். கூட இருந்தவர்கள் முதலில் ஓடியது பங்களாவுக்கு, வேனைக் கேட்டு.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை இனிமையானவை அல்ல. அழகான எதைப் பார்த்தாலும் இதைத் தூக்குவது யார் என்று கேட்கும் புத்தி ஒன்று. அது வந்த பிறகு பங்களாத் தோட்டத்துப் பூக்களைக்கூட என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை. செய்து முடித்ததை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்து, அங்கே என்ன வந்து சேர்கிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னொன்று. அவர் கோபமும் கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. அதை இறக்கிவைக்க இடம் கிடைக்கவில்லை.

கருமாதியன்று மானேஜர் மாலையோடு லயத்துக்கு வந்தார். படியேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. படத்துக்கு மாலை போட்டார். நல்ல உழைப்பாளி என்றார். இசை ஞானம் உள்ளவர் என்றார். பழனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யாரும் நாற்காலி போடவில்லை.

"வேன் என்னைக்கு வருமுங்க சார்?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தில் நேராகவே இருந்த மாலையை மறுபடி நேர்ப்படுத்தினார். அவருடைய டிரைவர் வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்துத் திருப்பி வைத்தான். யோகராஜாவின் மனைவி செல்வி சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து வாசலை மறித்து நின்றார்.

"கேக்குதில்ல? தேதி சொல்லிட்டுப் போங்க."