கேமராவில் விழாத வளையம்

கிளைடர் கிளப்பில் எல்லாரும் அவளை மேகத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் இல்லாத அந்தச் சின்ன விமானத்தில் பயணியை முன்சீட்டில் உட்காரவைத்து இருபது வருடமாகப் பறந்தவள். வானவில், ஒளிவளையம் எது கண்ணில் பட்டாலும் படமெடுத்துவிடுவாள்.

அன்று சூரியனைச் சுற்றி அருமையான வளையம். தரையிறங்கியதும் கேமராவை மெக்கானிக் தம்பியிடம் நீட்டினாள்.

"எங்கக்கா வளையம்? வெறும் சூரியன்தான் இருக்கு. கேமராவுக்கும் வயசாயிடுச்சா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். வளையம் தெரிய மெல்லிய மேகமாவது வேண்டும். வானமோ துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஷெட்டுக்குள் எரிந்த விளக்கைப் பார்த்தாள். அதைச் சுற்றியும் வளையம். இடக்கண்ணை மூடினாள், இருந்தது. வலக்கண்ணை மூடினாள், மறைந்துவிட்டது.

"வளையம் வானத்துல இல்ல, என் கண்ணுலதான் இருக்கு தம்பி. வலக்கண்ணுல ஏதோ கோளாறு. அடுத்த ஆளை இறக்கிவிடு."

"இன்னொரு கண்ணு நல்லாத்தானேக்கா இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது?"

"முன்னாடி உக்கார்றவங்களுக்குத் தெரியாதுல்ல, அதான்."

அடுத்த பயணி பெல்ட் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டு அவளே அதை அவிழ்த்துவிட்டாள். பிறகு ஆபீஸுக்குள் போய், யாரும் கேட்காமலே தன் விமானி உரிமத்தைப் பொறுப்பாளரின் மேஜைமேல் வைத்தாள்.