வாசலில் விட்ட தமிழ்

தெருவில் எல்லாரும் போனில் சினிமா பார்க்கிற நேரத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் ரீல்ஸில் இங்கிலீஷ் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகளுக்கு எல்கேஜி சீட் வேண்டும். ஆவடிப் பக்கம் நாங்கள் ஆசைப்பட்ட பள்ளியில் பிள்ளையை விட அப்பா அம்மாவைத்தான் இங்கிலீஷில் துருவுவார்கள். படிக்கப்போவது அவளா நாங்களா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் என் அப்பா நெமிலிச்சேரியில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர், நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் நின்றுகொண்டே பேக்கிங் செய்கிறவள். இவளாவது உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

செருப்பை வாசலில் விடும்போது தமிழையும் அங்கேயே விட்டுவிடுங்கள் என்று அந்த டீச்சர் சிரித்துக்கொண்டே சொல்வாள். பிள்ளை தமிழில் கேட்டால் பதில் சொல்லவே கூடாதாம். இவருக்கு அது வேதவாக்கு. மகள் தமிழில் வாயைத் திறந்தால் இவர் உதட்டில் விரல் வைப்பார், நான் காதில் விழாதது போல் பாத்திரம் தேய்ப்பேன். எதிர் அபார்ட்மெண்டில் ஐடிக்காரர்கள் பிள்ளைகளோடு பேசுவதைப் பார்த்து நாங்கள் போட்டுக்கொண்ட சூடு அது. புலியைப் பார்த்த பூனைதான்.

எங்களிடம் இருந்த இங்கிலீஷ் எவ்வளவு? கம், சிட், ஈட், ஸ்லீப், வெரி குட். இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்த்தோம்.

"இன்னாமே, நாய்க்குட்டியாண்ட பேசுற மாதிரி புள்ளையாண்ட பேசிகினு கீற?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்டே உயிரை வாங்குகிற பெண் மெல்ல மெல்ல வாயை மூடிக்கொண்டாள். அடக்கம் வந்துவிட்டது என்று இவருக்குப் பெருமை. இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஈட், ஈட் என்று ஊட்டினேன்.

இன்டர்வியூவில் மனப்பாடம் செய்ததை இரண்டு பேரும் ஒப்பித்தோம். மகள் ஒரு பக்கக் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தே இருந்தாள். ஷை டைப் மேடம் என்று இவர் சமாளித்தார். சீட் கிடைத்தது. தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தோம்.

மறுநாள் காலை அவள் தலையணையில் சீழ்.

டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டுச் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். இத்தனை நாள் இந்த வலியோடு ஒரு குழந்தை சும்மாவா இருந்திருக்கும், வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று சத்தம் போட்டார். நான் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, எப்போதிலிருந்து வலிக்கிறது, ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டாள்.

"அம்மா, தமிழ்ல சொல்லட்டா?"