ஒரு போல்ட்டில் தொங்கிய மோட்டார்

அன்றைக்கு அந்த ஆழ்துளைப் போர்க் குழியைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர். ஒன்று நான். அடுத்தது, என்னோடு பல வருடமாக மோட்டார் ஏற்றி இறக்கும் மாணிக்கம். மூன்றாவது, போருக்குச் சொந்தக்காரப் பெண் பூங்கொடி. நான்காவது அவருடைய கொழுந்தன் தர்மராஜ். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தார். வேப்பமரத்து நிழலில் நின்ற ஐந்து கறவை மாடுகளையும் சேர்த்தால் ஒன்பது. மாடுகளைச் சேர்க்கக் காரணம் இருக்கிறது. மோட்டார் குழிக்குள் போயிருந்தால் முதலில் தவித்திருக்கக்கூடியவை அவைதான்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர் மோட்டார் எரிந்துபோனால் அதை மேலே எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருளை, அதாவது வைண்டிங்கை, புதிதாகக் கட்டி வந்ததும் திரும்ப இறக்க வேண்டும். மோட்டார், ஒன்றோடொன்று முடுக்கிய இரும்புக் குழாய்களின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். தரையில் மூன்று கால் ஸ்டாண்டு, அதில் சங்கிலியை இழுத்து எடை தூக்கும் செயின் பிளாக். கையில் இரண்டு கிளாம்பு, ஒவ்வொன்றும் இரண்டு போல்ட்டால் சேர்த்து முடுக்குகிற இரண்டு பாதி இரும்பு. மேல் கிளாம்பு குழாயைக் கவ்விச் சங்கிலியில் தொங்கும். கீழ்க் கிளாம்பு குழி வாயில் உட்கார்ந்து தாங்கும். ஒரு குழாய் உயரத்துக்குத் தூக்கி, கீழ்க் கிளாம்பை முடுக்கி, மேல் குழாயைக் கழற்றிப் போட வேண்டும். பிறகு மேல் கிளாம்பை அடுத்த குழாயில் முடுக்கி, சங்கிலியை இழுத்து, எடை முழுவதும் அதன் மேல் ஏறிய பிறகுதான் கீழ்க் கிளாம்பில் கை வைக்கலாம். இரண்டில் ஒன்று எப்போதும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் விட்டால் குழாய், மோட்டார், கேபிள் எல்லாம் அடி பாதாளம் போய்விடும். அப்படிப் போனதை எடுக்க முடியாமல், கல்லைப் போட்டு மூடிய போர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சித்திரைக் கணக்கு

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் பயந்து நின்றுவிட்டேன். பயம் இன்றைக்கும் போகவில்லை. எந்தப் போல்ட்டையும் மூன்று தடவை முடுக்கிப் பார்ப்பேன். என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்: "எனக்குத் தாலி கட்டுனப்பவே முடிச்ச மூணு தடவ இழுத்துப் பாத்த ஆளு இது."

சித்திரை பிறந்தபோது எனக்கு ஓர் ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு செயின் பிளாக் வாங்கிவிட வேண்டும். பெரம்பலூரில் ஒரு பாய் கடையில் நாள் வாடகைக்கு எடுத்துத்தான் இத்தனை வருடமாக ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய். வேலை நடந்தாலும் முந்நூறு, மழை பெய்து சும்மா கிடந்தாலும் முந்நூறு. சித்திரையில் தண்ணீர் மட்டம் இறங்கும், மோட்டார்கள் வரிசையாக எரியும். அந்த ஒரு மாதத்தை வீணாக்காமல் ஓடினால் செயின் பிளாக் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரித் தோப்புகளில் வேலை நன்றாகவே ஆரம்பித்தது.

அப்போதுதான் குன்னம் தாண்டி ஒரு ஊரிலிருந்து பூங்கொடி போன் செய்தார்.

"அண்ணே, மோட்டார் காயில் எரிஞ்சி போயிடுச்சி. நாளைக்குச் சாயந்தரம் எங்க ஊர்ல காப்பு கட்றாங்க. அதுக்குள்ள வந்து எடுத்துக் குடுத்துடுங்கண்ணே."

ஆறு மணிக்குக் காப்பு

அந்த ஊர் மாரியம்மன் கோயில் கட்டுப்பாடு கடுமையானது. காப்பு கட்டும் நேரத்தில் எல்லைக்குள் இருக்கிற ஆள், உள்ளூரோ வெளியூரோ, எட்டு நாள் கழித்துக் காப்பு அவிழ்க்கும் வரை எல்லையைத் தாண்டக் கூடாது. காப்பு கட்டிய பிறகு உள்ளே கால் வைப்பவனுக்கும் அதே சட்டம். அதனால் காப்பு நாளன்று மத்தியானத்துக்கு மேல் ஜவுளி வண்டிக்காரரிலிருந்து கோழி வியாபாரி வரை வெளியூர் ஆட்கள் எல்லோரும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள்.

மாணிக்கத்தை அன்றைக்கு வர வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கலாம். காப்பு கட்டிய நான்காம் நாள் திருமழபாடியில் அவனுடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். அவன்தான் தாய்மாமன். "காலயில போனா மூணு மணிக்கு முடிச்சிடலாம்ண்ணே" என்றான். நானும் தலையாட்டினேன்.

இருபத்து மூன்று குழாய். முதல் நான்கும் நன்றாக வந்தன. ஐந்தாவதிலிருந்து, குழாய்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளிங்கும் துருவேறிப் பிடித்துக்கொண்டது. பைப் ரிஞ்சில் இரண்டு பேர் தொங்கினாலும் அசையவில்லை. டீசலை ஊற்றி, சுத்தியால் தட்டி, காத்திருந்து கழற்ற வேண்டியதாயிற்று. ஐந்து மணி ஆகும்போது வெளியே கிடந்தவை பதினொன்று. பன்னிரண்டும் மோட்டாரும் இன்னும் குழிக்குள்.

தர்மராஜ் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, ஒவ்வொரு போல்ட்டையும் இப்புடித் தடவிக்கிட்டே இருந்தீன்னா, எட்டாம் நாளு கெடா வெட்டுல உனக்கும் ஒரு எல போட்டுர வேண்டியதுதான்."

மாணிக்கம் சிரிக்கவில்லை. போனில் அவன் அக்கா மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "கெளம்பிட்டேன்க்கா, கெளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்ட கையோடு குனிந்தான்.

கீழ்க் கிளாம்பு

மேல் கிளாம்பில் ஒரு போல்ட்டைத்தான் அவன் முடுக்கியிருந்தான். இன்னொன்றில் நட்டை விரலால் சுற்றி விட்டிருந்தான், அவ்வளவுதான். நான் சங்கிலியை இழுக்கத் திரும்பிய நேரத்தில், எடை ஏறும் முன்பே, கீழ்க் கிளாம்பைக் கழற்றிவிட்டான்.

முதலில் ஒரு சத்தம், இரும்பை இரும்பு கீறுகிற சத்தம். குழாய் ஒரு முழம் கீழே வழுக்கியது. ஸ்டாண்டின் மூன்று காலும் மண்ணில் இறங்கின. பிறகு டங்கென்று நின்றது.

மேல் கிளாம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கப்ளிங்கின் உதட்டில் ஒரு தாடையால் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு குழாயும் மோட்டாரும் அந்த ஒரு போல்ட்டில். போல்ட் வளைந்திருந்தது என் கண்ணுக்கே தெரிந்தது.

பூங்கொடி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, வுழுந்துடுமா?"

"சங்கிலியத் தொடாதீங்க யாரும்" என்றேன்.

"நகைய அடகு வச்சிப் போட்ட போருண்ணே இது. அவரு வெளிநாட்டுலேருந்து அனுப்புறது வட்டிக்கே சரியாப் போவுது. இது போச்சின்னா மாட்ட வித்துட்டுக் கூலிக்குத்தான் போவணும்."

அந்த நேரம் பார்த்துக் கோயில் ஆள் ஒருவர் வரப்பில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார். "வெளியூரு ஆளுங்க கெளம்புங்கப்பா. இன்னம் அர மணியில காப்பு. அப்பறம் போவணும்னு நின்னா வுட மாட்டாங்க."

மாணிக்கத்தின் முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, கயித்தப் போட்டு மரத்துல கட்டிட்டுப் போயிடுவம். எட்டு நாள் கழிச்சி வந்து பாப்பம்."

"அந்தப் போல்ட்டு எட்டு நிமிசம் நிக்குமான்னு பாரு மொதல்ல."

தர்மராஜ் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். கேலி எல்லாம் போய்விட்டது. மோட்டாரோடு கட்டி இறக்கியிருந்த நைலான் கயிற்றை இழுத்து வேப்பமரத்தில் இரண்டு சுற்று சுற்றினார். வெயிலில் வெந்த பழைய கயிறு. எடையைத் தாங்காது, ஆனால் அறுவதற்கு முன் ஒரு நொடி கொடுக்கும். அந்த ஒரு நொடி எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் போதுமா என்று இன்றைக்கும் தெரியாது.

கீழ்க் கிளாம்பைத் திரும்ப மாட்ட வேண்டும். அதற்கு, தொங்கும் கிளாம்புக்கும் குழி வாய்க்கும் நடுவில் கையை விட வேண்டும். போல்ட் விட்டால் மேல் கிளாம்பு நேராக விரலின் மேல் வந்து உட்காரும். நான் ஒரு பாதியை எடுத்து உள்ளே வைத்தேன். இரும்பு, குழி வாயின் கேசிங் குழாயில் தட்டிச் சத்தம் போட்டது. மறு பாதியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

"மாணிக்கம், நீ போயிடு. தாய்மாமன் நீ. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சாவியைப் பையில் போட்டுவிட்டு எதிரில் மண்டியிட்டான்.

"நான் கழட்டுனது. நானே மாட்டறேன். நீ புடிண்ணே."

இரண்டு போல்ட். நான் பிடித்தேன், அவன் முடுக்கினான். ஸ்பானரின் ஒவ்வொரு சுற்றுக்கும் கிளாம்பு பல்லைக் கடிப்பது போல் குழாயைக் கடித்தது. முடுக்கி முடித்ததும் நான் ஒரு தடவை பார்த்தேன். இரண்டாம் தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை அவனே ஸ்பானரை என் கையில் கொடுத்து, "பாருண்ணே" என்றான்.

சங்கிலியை மெல்லத் தளர்த்தினேன். எடை கீழ்க் கிளாம்பில் உட்கார்ந்தது. நின்றது.

"போடா இப்ப" என்றேன்.

"நீ வல்லியா?"

அங்கேதான் நான் யோசித்தேன். நானும் போய்விட்டால் எட்டு நாளைக்கு ஒருவரும் உள்ளே வர முடியாது, எரிந்த மோட்டார் குழிக்குள்ளேயே கிடக்கும். பஞ்சாயத்துக் குழாயில் வீட்டுக்கு நான்கு குடம் வரும். ஐந்து மாட்டுக்கு அது எந்த மூலைக்கு? நான் இருந்தால் எட்டு நாள் கூலி போகும், வாடகை ஏறும், செயின் பிளாக் கனவு அதோடு சரி. பூங்கொடி என்னை இருக்கச் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கெளம்பு. வூட்டுல சொல்லிடு, பிரசர் மாத்திரைய யார்ட்டயாவது குடுத்தனுப்பச் சொல்லு" என்றேன்.

அவன் வண்டி கிளம்பிப் புழுதி அடங்கும் முன்பே கோயில் பக்கம் பறை முழங்க ஆரம்பித்தது. பத்து நிமிடம் கழித்துப் போன் வந்தது. "காப்பு கட்டறதுக்குள்ள எல்லப் பாலத்தத் தாண்டிட்டேண்ணே."

தர்மராஜ் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். "சரி மேஸ்திரி. இனிமே நீயும் எங்க ஊராளுதான். எந்த போல்ட்டு, எந்தப் பக்கம் சுத்தணும், சொல்லு."

வளைந்த போல்ட்டை மாற்றிப் பையிலிருந்த புதிய போல்ட்டைப் போட்டுவிட்டு, மீதிக் குழாய்களை அவரும் பூங்கொடியும் நானும் எடுத்தோம். கடைசிக் குழாயின் அடியில் மோட்டார் சேறு பூசி வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

மறுநாள் காலையில் மோட்டாரைச் சாக்கில் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து ஊர் எல்லைப் பாலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்தப் பக்கம் மாணிக்கம் வண்டியோடு நின்றான். நாங்கள் மோட்டாரைப் பாலத்தின் நடுவில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தோம். அவன் வந்து எடுத்துக்கொண்டு, ஒரு துணிப்பையை அங்கே வைத்துவிட்டுப் போனான். பையில் மாத்திரை, இரண்டு வேட்டி, என் மனைவி செய்த எலுமிச்சை ஊறுகாய்.

"இன்னொரு அடி வச்சிப் பாரேன் மாப்ள, கல்யாணத்துக்கு நாங்க ஆளனுப்பறோம்" என்று தர்மராஜ் சீண்டினார். மாணிக்கம் நிற்கவே இல்லை.

போனில் என் மனைவி, "எட்டு நாளும் யாரு வூட்டுல சாப்புடுவீங்க?" என்று கேட்டாள். வீட்டுக்கு ஒரு வேளை என்று ஊரே பங்கு போட்டிருந்ததைச் சொன்னேன். "அப்ப எனக்கும் எட்டு நாளு லீவு" என்றாள்.

மாடுகளுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு வேளை தண்ணீர் விட்டார். இன்னொரு வேளைக்குத் தர்மராஜ் குடம் சுமந்தார். மூன்றாம் நாள் ஒரு மாடு பாலைக் குறைத்துவிட்டது. பூங்கொடி பால் சொசைட்டியிலிருந்து திரும்பி வந்து கேனைக் கவிழ்த்து வைத்தார். வேறு வேலை இல்லாததால் செயின் பிளாக்கை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன், தேய்மானம் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மாணிக்கம் அதே பாலத்துக்கு வந்தான். வேட்டியில் மஞ்சள் கறை, நெற்றியில் சந்தனம். வைண்டிங் கட்டிய மோட்டாரை நடுவில் வைத்துவிட்டு, "அண்ணே, மேல் கிளாம்பு ரெண்டு போல்ட்டும்..." என்று ஆரம்பித்தான். "தெரியும் போடா" என்றேன். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று முழுவதும் இறக்கினோம். சுவிட்சைப் போட்டதும் முதலில் காற்று, அப்புறம் துருத் தண்ணீர், அப்புறம் தெளிந்த தண்ணீர். தொட்டி நிறையும் சத்தம் கேட்டே ஐந்து மாடும் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன.

பாய் கடை

காப்பு அவிழ்த்த அன்று நேராகப் பெரம்பலூர் போனேன். ஒன்பது நாள் வாடகை, இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். மாணிக்கம் ஆயிரம் கொடுத்திருந்தான். பூங்கொடி கூலிக்கு மேல் ஐந்நூறு வைத்து, "வேணாம்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவ கூப்புட மாட்டேன்" என்றிருந்தார். மீதியை நான் போட்டேன். சித்திரை அதோடு முடிந்துவிட்டது.

பாய் பணத்தை எண்ணவில்லை. பிளாக்கைத் தூக்கிச் சங்கிலியை ஓட விட்டுப் பார்த்தார்.

"என்னப்பா இது, குடுத்தப்ப கரகரன்னு இருந்திச்சி. இப்ப சத்தமே காணம்?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் பிளாக்கை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏழாயிரத்துக்கு நீயே வச்சிக்க. இந்த வாடகைய அதுல கழிச்சிக்கறேன். மீதிய மாசாமாசம் குடு. இன்ஷா அல்லாஹ், அடுத்த சித்திரைக்குள்ள முடிச்சிடலாம்."

புதியது வாங்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் புதியதில் எந்தக் கண்ணி எப்படி என்று எனக்குத் தெரியாது. இதில் ஒவ்வொன்றும் தெரியும். தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டே விஷயம் இருக்கிறது. மேல் கிளாம்பு எடை வாங்கிவிட்டதா என்று சங்கிலியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் கீழ்க் கிளாம்பைத் தொடாதீர்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவனைக் கீழ்க் கிளாம்பில் உட்கார வைக்காதீர்கள். பயப்படுகிறவன் என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பாய்க்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.