ஐந்து மணிக்குள் ஒரு துறை

வார்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மற்ற டாக்டர்களின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மட்டும் தொங்கும்; இவள் கழுத்தில் அதோடு ஒரு பூதக்கண்ணாடியும் தொங்கும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மங்கிவிடும், ஓரத்தில் இருப்பதுதான் தெரியும். அப்படி ஒரு கண். அதை வைத்துக்கொண்டே டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். அடுத்து எந்தத் துறையில் மேற்படிப்பு? அவளைக் கேட்காமலே எல்லோரும் அதற்குப் பதில் வைத்திருந்தார்கள்.

"மனநலம் எடுத்துக்கோம்மா. உக்காந்த இடத்துலயே பேசிட்டு இருக்கலாம்." நர்ஸ் சொன்னார், லிஃப்ட்காரர் சொன்னார், இரும்புக் கடை வைத்திருக்கும் சித்தப்பாகூடச் சொன்னார். பொறுக்க முடியாமல் ஒருநாள் மனநலத் துறைத் தலைவரிடமே போய் நின்றாள். அவர் அவளைவிட அதிக எரிச்சலில் இருந்தார்.

"வெறும் பேச்சா? எவன் சொன்னான்? புடிச்சிருந்தா வா, சொல்லித்தரேன். ஒதுங்க இடம் தேடி வராதே."

அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் அவளுக்குப் பிடித்தது மறுவாழ்வு மருத்துவம்; பக்கவாதம் வந்தவர்களையும் விபத்தில் அடிபட்டவர்களையும் மறுபடி நடமாட வைக்கும் துறை.

விருப்பத்தைப் பதிவு செய்யக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையப் பக்கத்தை மூடிவிடுவார்கள். எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருந்ததால் அண்ணனைக் கணினி முன் உட்காரவைத்து விருப்ப வரிசையைச் சொன்னாள். அவன் தட்டித் தட்டி, "முடிஞ்சுது" என்றான். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடாதவள், கணினியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். அது கொஞ்சமும் கூச்சமில்லாமல் வாசித்தது: "முதல் விருப்பம், மனநலம்."

மணி நாலே முக்கால்.

"என்னண்ணா இது?"

"உன் நல்லதுக்குத்தான். அங்க நோயாளியத் தூக்கணும், புடிக்கணும். நீயே வாசப்படியில தடுக்கி விழறவ."

"அவன் சொல்றதும் சரிதானேடி" என்று சமையலறையிலிருந்து அம்மா வேறு.

அவள் அண்ணனின் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். "கண்ணு சரியில்லன்னா எனக்கு வாயும் இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்களா? எந்திரி!"

மூக்கு திரையில் முட்ட, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவளே மாற்றினாள். ஒருமுறை தப்பான இடத்தில் அழுத்தி எல்லாம் அழிந்துபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதிவானது.

அண்ணன் முகம் சுருங்கி நின்றான். பிறகு, "அதுல அப்படி என்ன புடிச்சிருக்கு உனக்கு?" என்று கேட்டான்.

எப்படிச் சமாளிப்பாய் என்ற கேள்விக்கு ஆறு மாதமாக அவளிடம் பதில் தயாராக இருந்தது. இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"மாசக்கணக்கா படுத்துக் கிடந்தவங்க முதல் தடவை எழுந்து நிக்கும்போது என் தோளைத்தான் புடிப்பாங்க. மொத்த பாரமும் என்மேல இறங்கும்" என்றாள். "அந்த பாரம் எனக்குப் புடிச்சிருக்குண்ணா."