பதினாறாவது கோடு

என் அக்கா பல் செட்டு செய்கிறவள். தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். "மேல் வரிசை நான் செஞ்சது, கீழ் வரிசை வேற யாரோ சொதப்பினது" என்று என் காதைக் கடித்துவிட்டு, அதன் பிறகுதான் அவர்களுக்குப் பதில் சொல்லுவாள்.

பயம் அவளுக்குத் துளியும் கிடையாது. அவள் பங்கையும் சேர்த்து எனக்கே அளந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வாய்த்த வேலையும் அப்படி. அலுவலகம் அலுவலகமாகப் போய், சுவரில் தொங்கும் தீயணைப்புச் சிலிண்டர்களின் முள்ளையும் தேதியையும் பார்த்துச் சீட்டு கட்டிவிட்டு வருவேன். "பயப்படறதுக்கு மாசச் சம்பளம் வாங்கற ஒரே ஆள் என் தம்பிதான்" என்பாள் அக்கா. வீட்டில் எனக்குச் சைரன் என்று பெயர்.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் பிளாஸ்டர் தூள் பெருக்கச் சேர்ந்தாள். பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "இந்தச் சைரனையும் இந்த மீனையும் வளர்க்கறதே போதும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

மீன் வந்ததும் அந்தக் கிளினிக்கிலிருந்துதான். காத்திருப்பு அறையில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. பவளங்களும், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி ஒன்றும் அதில் இருந்தன. மருத்துவர் கடையைக் கட்டியபோது அதை அக்காவிடம் தள்ளிவிட்டார். பன்னிரண்டு வருஷமாக எங்கள் கூடத்தில் அதுதான் ராஜாங்கம். பவளம் வளர்ந்து ஒன்றையொன்று நெருக்க ஆரம்பித்தது. அதிலும் ஒரு பெரிய கல்லை முழுக்கப் பட்டன் பவளம் பிடித்துக்கொண்டது. சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பாக, தொட்டால் மூடிக்கொள்கிற ஜாதி. வெட்டினால் இரண்டாகும். பெரிய தொட்டி வாங்குவதென்றும், அந்தக் கல்லைச் சுத்தமாக மொட்டையடித்துத்தான் அதில் வைப்பதென்றும் அக்கா முடிவு செய்தாள்.

அவள் தொழிலைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பல் செட்டை முதலில் மெழுகில் செய்வார்கள். அதைப் பிளாஸ்டருக்குள் புதைத்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும், அச்சு சுத்தமாக நிற்கும். இருபத்தைந்து வருஷமாகத் தினமும் இதைச் செய்கிறவள். அதனால் வீட்டிலும் எது எதில் ஒட்டிக்கொண்டாலும் அவளுக்கு ஒரே வைத்தியம்தான். பாட்டிலில் ஒட்டிய லேபிளா, திறக்காத மூடியா, என் பேன்ட்டில் ஒட்டிய சூயிங்கமா, கெட்டிலைப் போடு. இது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்திலேயே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிட்டது. ஆறடிக் கண்ணாடித் தொட்டி. தண்ணீர், கல், மணல் எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. தரை தாங்குமா என்று நான் கேட்டேன். அதற்குத்தான் உத்தரம் ஓடுகிற சுவரை ஒட்டி வைக்கிறோம் என்று தொட்டிக்கு மேசை அடித்துத் தந்த தச்சர் சொன்னார். கீழ் வீட்டுக்காரர் இந்த இடத்துக்கு நேர் கீழேதான் படுக்கிறார் என்றேன். அக்கா ஒரு தெர்மகோல் பெட்டியை இழுத்துப் போட்டு, அதில் மார்க்கரால் இரண்டு கோடு கிழித்தாள். "எண்ணிப் பார்ப்போம், இன்னைக்குச் சைரன் எத்தனை தடவை ஊதுதுன்னு." தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே ஒரு கோடு விழுந்தது. ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதே என்றேன், கோடு. கண்ணாடியின் மூலையை வெறும் டைல்ஸ்மேல் வைக்காதே என்றேன், கோடு. வாளிக்கு மூடி போடு, மீன் துள்ளி வெளியே விழும் என்றேன், அது நியாயமான பேச்சு, அதற்கும் கோடு. இரண்டு நாளாக டிரம்மில் உப்புக் கரைத்துச் சூடேற்றி வைத்திருந்த தண்ணீரைப் புதுத் தொட்டியில் ஏற்றினோம். பழைய தொட்டியிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். கல் எல்லாம் வெளியே வந்தால்தான் மீன் கையில் சிக்கும். பதினொரு மணிக்கு ஜோடி மீனையும் பிடித்து, காற்றுக் குழாய் போட்ட டப்பில் விட்டோம். பெட்டியில் பதினைந்து கோடுகள் இருந்தன. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்துக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு வயது ஆளை வேற்று மனிதர் முன்னால் இப்படியா.

உப்பு ஒரு பை குறைந்தது. வாங்கப் போனேன். வளர்ப்பு மீன் கடைக்காரருக்கு அக்காமேல் தனி மரியாதை. பட்டன் பவளத்தில் கொஞ்சம் வெட்டி அவருக்கென்று கொடுத்தனுப்பியிருந்தாள். அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டபடியே, மீதியை என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டார். கல்லிலிருந்து எடுத்துவிடப் போகிறாள் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சுரண்டறதா இருந்தா தண்ணிக்குள்ள வச்சு, கையுறை போட்டுச் சுரண்டச் சொல்லுங்க. வெந்நீர் மட்டும் ஊத்தவே வேணாம். அதுக்குள்ள விஷம் இருக்கு. ஆவியில வந்து நெஞ்சைப் பிடிச்சிரும். மறக்காம சொல்லிடுங்க."

வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எப்படிச் சொன்னால் சிரிக்கமாட்டாள் என்று யோசித்தேன். கடைக்காரர் சொன்னார் என்று தொடங்கலாமா, இல்லை சாதாரணமாகப் பேச்சுவாக்கில் சொல்லலாமா. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உள்ளே நுழைந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். உடனே மார்க்கரை எடுத்துப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, தச்சரைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"சொல்லுடா. பதினாறு என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

இவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க முடிந்தால் என் ஆயுளில் பாதியைக் கொடுப்பேன். கத்தியால்தானே சுரண்டப் போகிறாள், கல்லின்மேல் யார் வெந்நீர் ஊற்றுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யார் ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

தச்சர் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினார். பழைய மணலை நான்கு சாக்கில் கட்டி, நான் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன். லிஃப்டில் எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் படியிலேயே இறங்கினேன். நான்காவது சாக்கைக் கொட்டிவிட்டு மேலே வந்தபோது சமையலறை ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கடற்பாசியை வேகவைத்த மாதிரி ஒரு நெடி. சிங்க்கில் அந்தக் கல் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அக்கா கெட்டிலும் கையுமாக நின்றாள். பல் செட்டை அரைக்கும்போது முகமூடி இல்லாமல் உட்காராதவள் வெந்நீருக்கு மட்டும் எப்போதும் போட்டதில்லை. அன்றைக்கும் போடவில்லை.

"பாரு, மெழுகு மாதிரி கழண்டு வந்துருச்சு" என்றாள்.

ஜன்னலையெல்லாம் திறந்தேன். அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்து, சமையலறைக் கதவைச் சாத்தினேன். என்னடா என்று கேட்டாள். நெடி அடிக்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் நன்றாகத்தான் இருந்தாள், கலகலப்பாக வேறு இருந்தாள். ஒன்றும் ஆகாது, ஆகாத ஒன்றுக்கு ஏன் அசிங்கப்பட வேண்டும் என்று நினைத்தேன். பால்கனியில் போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுத் தண்ணீரைச் சின்னக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக டப்பில் விட்டு மீனைப் பழக்கிக்கொண்டிருந்தாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னடா இது, இரும்பை நக்கின மாதிரி இருக்கு?" நான் குடித்துப் பார்த்தேன். தேநீர் தேநீராகத்தான் இருந்தது.

நான்கு மணிக்கு இருமல் வந்தது. நாலரைக்குக் குளிர். அந்த வெயிலில் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு நடுங்கினாள். காலையிலிருந்து தண்ணீரில் கிடந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சுக்கு நின்றாள். நான் அவளைத் தூக்காத குறையாகக் கீழே இறக்கி, வாடகைக் காரில் ஏற்றினேன். காரில் அவள் தலை என் தோளில் கிடந்தது. அம்மா போன அன்றைக்கு என் தலை அவள் தோளில் கிடந்தது ஞாபகம் வந்தது.

மருத்துவமனை வாசலில் இறங்கும்போது கடைக்காரர் திருப்பிக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னதை நீங்க சொல்லலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதைப் பற்றி மேலே எதுவும் கேட்காமல், வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, மீனைத் தான் போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கீழ் வீட்டில் ஒரு சாவி இருக்கிறது, சமையலறைப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றேன்.

பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். நாற்பது பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. காய்ச்சல் பார்த்தாள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். அக்கா பல் கிட்டிக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல டாக்டர். என் தம்பி கொஞ்சம் பயந்த சுபாவம். அதான் தூக்கிட்டு வந்துட்டான்."

டாக்டரும் சிரித்தாள். நாள் முழுக்க ஈரத்தில் நின்றிருக்கிறீர்கள், வைரஸ் காய்ச்சலாகத்தான் இருக்கும், மாத்திரை தருகிறேன், வீட்டில் போய் ஓய்வெடுங்கள் என்று சீட்டில் எழுத ஆரம்பித்தாள். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போனால் அக்கா என்ன ஆவாள் என்று தெரியவில்லை. சொன்னாலோ, அவளை இந்த நிலைக்கு ஆளாக்கியது யார் என்று அவள் முன்னாலேயே தெரிந்துவிடும். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"கடல் பவளம் ஒட்டின கல்லுல வெந்நீர் ஊத்தினாங்க, டாக்டர். ஆவி முழுக்க உள்ள போயிருக்கு. அது விஷம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னும் உரக்கச் சொன்னேன். "எனக்குத் தெரியும். மத்தியானமே தெரியும். கடைக்காரர் சொல்லி அனுப்பினாரு. நான்தான் சொல்லல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எண்பத்தொன்பது காட்டியது. சக்கர நாற்காலி, முகமூடி, மார்பில் ஒயர்கள். டாக்டர் யாருக்கோ போன் செய்து பவளத்தைப் பற்றிக் கேட்டாள், நடுவில் என்னைக் கூப்பிட்டு எந்த நிறம், எவ்வளவு நேரம் என்று விசாரித்தாள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்துக் காத்திருக்கத்தான் வேண்டும் என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்த எண்ணையே பார்த்தேன். எண்பத்தெட்டு. எண்பத்தேழு. இருபது வருஷமாக முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துச் சீட்டு கட்டுகிறவன், சிவப்பில் நின்ற ஒன்றை அன்றைக்குத்தான் சீட்டு கட்டாமல் விட்டிருந்தேன்.

அக்கா கண்ணை மூடவில்லை. முகமூடிக்குள் பேச முடியாது. கட்டில் விளிம்பில் இருந்த என் கையைத் தேடிப் பிடித்தாள். ஆள்காட்டி விரலால் என் புறங்கையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்தாள். ஒன்றே ஒன்று. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் எண் மெல்ல ஏறியது. மூன்றாம் நாள் முகமூடியை எடுத்தார்கள். குரல் கரகரவென்று வந்தது. முதலில் மீனைக் கேட்டாள். கடைக்காரர் ஜோடியைப் புதுத் தொட்டியில் விட்டுவிட்டார், அந்தக் கல்லையும் தண்ணீருக்குள் வைத்தே வாளியோடு எடுத்துப் போய்விட்டார், சமையலறையையும் நீளக் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு அலசிவிட்டார், நான் போகாதீர்கள் என்றுதான் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்றேன். தலையாட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு."

அவள் முகம் மாறியது. என் முப்பத்தெட்டு வருஷத்தில் அக்கா பயந்து நான் பார்த்தது அப்போதுதான். அது தன் மூச்சை நினைத்து வந்த பயம் இல்லை. என் வாயை அடைத்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் வேண்டாம் வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன்.

"இனிமேலும் சிரிப்பேன்டா. அது என் வாய், நிக்காது" என்றாள், மூச்சு வாங்கி வாங்கி. "நான் சிரிச்சாலும் நீ சொல்லிடு."

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. ஆறடித் தொட்டியில் அந்த ஜோடி பழைய இடத்தைத் தேடுவதுபோல ஒரு மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று அக்கா ஒரு பவளத்தை நகர்த்த வேண்டுமென்று முக்காலியில் ஏறி நின்றாள். முக்காலியின் கால் ஈரத்தில் இருந்தது. சிரிப்பாள் என்று தெரியும். இருந்தாலும் சொன்னேன், வழுக்கும் என்று. அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். துணி எடுத்து முக்காலியின் காலைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினாள்.