உப்பின் மேல் போட்ட பழி

போன ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல. என் பெரியப்பா மகள் கஸ்தூரி அக்காவுக்கு அடுத்த வாரம் இடுப்பில் ஆபரேஷன். அதே இடுப்பில் இரண்டாவது தடவை. பார்க்காமல் இருக்க மனசு கேட்கவில்லை.

திருவான்மியூரில் காலை 6.10க்கு ஈ.சி.ஆர். வழியாகப் பாண்டிச்சேரி போகும் பஸ். மரக்காணத்துக்கு 110 ரூபாய், இரண்டரை மணி நேரம். கடல் தெரியும் என்று இடதுபக்க ஜன்னலுக்கு அடித்துப் பிடிக்காதீர்கள். பாதி தூரம் சவுக்குத் தோப்பும் சுற்றுச்சுவரும்தான். மரக்காணம் நெருங்கும்போதுதான் ரோட்டோரம் உப்பளங்கள் தொடங்கும். அங்கிருந்து அனுமந்தைப் பக்கம் ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

"உப்பு போட்டோ எடுக்கவா வந்தீங்க?" என்றார் டிரைவர்.

"இல்லீங்க, அக்காவப் பாக்க."

"அப்ப சரி. போட்டோன்னா விடியக்காலையிலயே வரணும். இப்பல்லாம் கண்ணு கூசும்."

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளும் மாமாவும் உப்பளத்தில் கூலி வேலை. தை மாதம் பாத்தியில் சேறு மிதிக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இடுப்பு மூட்டை மாற்றி, அதைத் தாங்கத் தொடை எலும்புக்குள் டைட்டானியம் தண்டு இறக்கினார்கள். அந்த மாதிரித் தண்டுகளின் மேற்பரப்பைப் பதப்படுத்துவதுதான் சென்னையில் எனக்கு வேலை. வழவழப்பாக வரும் உலோகத்தின் மேல் மணல் மாதிரித் துகளைப் பீய்ச்சி அடித்துச் சொரசொரப்பாக்குவோம். பிறகு ஆசிடில் முக்குவோம். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். எலும்பு அந்தக் குழிகளுக்குள் வளர்ந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பாகவே விட்டால் அவ்வளவு இறுக்கம் வராது. ஆனால் நாங்கள் எத்தனை பாடுபட்டாலும், ஆரம்ப வாரங்களில் தண்டு ஆடக்கூடாது. ஆடினால் எலும்பு வர வேண்டிய இடத்தில் வெறும் சவ்வு வளர்ந்துவிடும்.

அக்காவுக்கு ஆனது அதுதான். மூன்று மாதம் வாக்கரை விடாதே என்றார் டாக்டர். ஒரே மாதத்தில் வலி நின்றது. வலி இல்லை என்றால் வேலைக்குப் போகலாம் என்பதுதான் உப்பளத்துக் கணக்கு. பங்குனி வெயிலில் உப்பு விளைந்து கிடக்க, இவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா? கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்துவிட்டாள். இப்போது காலை ஊன்றினால் உயிர் போகிறது.

மாமா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். காரம் தூக்கல். சாப்பிட்டு முடிக்கும்போது அக்கா கேட்டாள்.

"ஏன்டி, நீ அந்த வேலையிலதான இருக்கற, சொல்லு. உப்புத் தண்ணியிலயே நின்னு நின்னு உள்ள இருக்கற கம்பி துருப்பிடிச்சிடுச்சு. அதான ஆடுது?"

மாமா சட்டென்று என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை புரியவில்லை. வேலைப் புத்தி முந்திக்கொண்டது.

"டைட்டானியம் துருப்பிடிக்காதுக்கா. கடல்லயே கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது. எலும்பு புடிக்கறதுக்குள்ள நீ நடந்துட்ட. தலையில பாரம் வேற."

அக்கா சாப்பிட்ட தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உப்பு இல்ல. நான்தான்" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாமா பைக்கில் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து விட்டார். "இவ நடந்ததாலதான் ஆடுதுன்னு டாக்டர் என்னத் தனியா கூப்ட்டு அப்பவே சொல்லிட்டாரும்மா. நான்தான் வாயத் தொறக்கல. மாசக்கணக்கா உப்பத்தான் திட்டிக்கிட்டிருந்தா. உப்பாவே இருந்துட்டுப் போவட்டுமேன்னு விட்டுட்டேன்." என் மேல் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

உப்பளம் பார்க்கப் போகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். காலை எட்டுக்குள் போய்விடுங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். வரப்பில் யாராவது கூடையோடு எதிரே வந்தால் முதலில் ஒதுங்கி வழிவிடுங்கள், செல்ஃபி பிறகு. வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆனால், வலி நின்றதும் எலும்பு பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை.

திரும்பும் வழியில், கல்பாக்கம் தாண்டியதும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, யோசிச்சுப் பாத்தேன். உப்பும் ஒரு காரணமா இருக்கலாம்."



"உனக்குப் பொய் சொல்ல வராதுடி" என்றாள். "இந்த வாட்டி எத்தினி மாசம் நான் வாக்கர விடக் கூடாது, அத மட்டும் நெசமா சொல்லு. உங்க மாமா சொல்ல மாட்டாரு."