‘நல்லாத்தான் இருக்கேன்’ என்ற சாட்சி

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், மறுபடியும் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ஏட்டி, சோறு வைக்கலியா?" என்றார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

என் கணவர் கருப்பசாமி தீப்பெட்டிக் கம்பெனியில் மினி லாரி ஓட்டினார். எட்டயபுரம் சாலையில் எதிரே வந்த கார் தடம் மாறி மோதியது. பன்னிரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிறகு எழுந்தார், நடந்தார். பார்க்க வந்தவர்கள், "கை காலுக்கு ஒண்ணுமில்ல, சாமி காப்பாத்திருச்சு" என்றார்கள்.

டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். மூளையின் முன்பகுதியில் காயம் (நினைவையும் நிதானத்தையும் ஆளுகிற இடம்).

"தனக்குக் குறை இருக்குன்னே அவருக்குத் தெரியாதும்மா. இதுல அதுதான் பெரிய கஷ்டம்."

அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று கோவில்பட்டி கோர்ட்டில் தெரிந்தது. இழப்பீட்டு வழக்கில் ஊனச் சான்று (உடல்திறன் எவ்வளவு போயிற்று என்று மருத்துவக் குழு தருவது) கொடுத்திருந்தோம். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், ஆளை நேரில் விசாரிக்க வேண்டும் என்றார்.

"அவர் என்ன சொன்னாலும் நீங்க வாய் திறக்கக் கூடாது," என்று எங்கள் வக்கீல் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

என் கணவர் கூண்டில் ஏறி நின்றார். தன் பெயர், ஊர், என் பெயர், எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன.

"உடம்புக்கு இப்ப என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலியே. நல்லாத்தான் இருக்கேன்."

இன்சூரன்ஸ் வக்கீல் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னைக்கு எதுக்கு இங்க வந்திருக்கீங்க?"

"சாத்தூருக்கு லோடும்மா. வண்டி வெளிய நிக்குது. கையெழுத்துப் போட்டுத் தந்தீங்கன்னா கிளம்பிருவேன்."

நீதிபதி அம்மா மறுபடியும் எழுத ஆரம்பித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்டின புருஷனின் புத்தி தடுமாறியது அத்தனை பேர் முன்னால் வெளிப்பட்டதற்கு நான் நிம்மதிப்பட்டேன். தலைக்காயம் பட்ட ஒருவரை அழைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த நிம்மதி உங்களுக்கும் வரும். அதற்காக உங்களை நீங்களே வெறுத்துவிடாதீர்கள்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நிரந்தர ஊனம், இனி வண்டி ஓட்ட இயலாது என்று இருந்தது. வீட்டில் அதை வாசித்துக் காட்டினேன்.

"யாருக்கு?" என்றார்.

காலையில் எண்ணெய் தேய்க்கும்போது அவர் விரல் தலையில் இருக்கும் தழும்பில் போய் நிற்கும். "ஏட்டி, இது என்ன?" என்பார். முன்பெல்லாம் விபத்தைச் சொல்வேன். அன்றுதான் கேள்விப்பட்டவர்போல் நடுங்கிப்போவார். பொழுதுக்கும் சாப்பிட மாட்டார். ஒவ்வொரு நாளும் அவரை நானே அந்தச் சாலையில் கொண்டுபோய்ப் போட்டதுபோல் இருந்தது.

இப்போது, "பழைய காயம்தான். ஆறிருச்சு," என்கிறேன்.

"அப்ப சரி," என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிற வரைக்கும் நானும் அதை நம்புகிறேன்.